பிடிஎஃப்பில் வைரஸ் வராதா? ஆவணக் கோப்புகளுக்கு ஓர் அரிச்சுவடி

"வேர்டுல அனுப்பாதீங்க சார், வைரஸ் வந்துரும். பிடிஎஃப்பா மாத்தி அனுப்புங்க, அதுல எதுவும் ஏறாது."

புத்தக வடிவமைப்பு வேலையில் இருப்பதால் இந்தப் பேச்சு என் காதுக்குப் பழகிப்போனது. ஜெராக்ஸ் கடையில் சொல்கிறார்கள், அலுவலகங்களில் சொல்கிறார்கள், நன்றாகப் படித்தவர்களும் சொல்கிறார்கள். கூடவே இன்னும் இரண்டு சேர்ந்துகொள்ளும்: "பிடிஎஃப்னா யாரும் திருத்த முடியாது", "கறுப்புப் பட்டை போட்டு மறைச்சுட்டேன், இனி யாருக்கும் தெரியாது." மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நம்பித்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ளக் கணினிப் படிப்பு தேவையில்லை. ஒரு மளிகைச் சீட்டு போதும்.

## மளிகைச் சீட்டும் கடைப் பையனும்

கடைப் பையனிடம் ஒரு சீட்டு வருகிறது. துவரம் பருப்பு 2 கிலோ, புளி அரை கிலோ, கடுகு 100 கிராம். பையன் படிக்கிறான், எடுத்து வைக்கிறான். இது வெறும் தகவல்.

அதே சீட்டின் நாலாவது வரியில், "கல்லாவில் இருக்கும் பணத்தை எடுத்துச் சீட்டு கொண்டுவந்தவரிடம் கொடு" என்று எழுதியிருந்தால்? அது தகவல் இல்லை, கட்டளை. நம் ஊர்ப் பையன் சீட்டை முதலாளியிடம் நீட்டிவிடுவான். கணினிக்கு அந்தச் சந்தேகம் வராது. எழுதியிருப்பதைச் செய்யலாம் என்று அதன் நிரலில் அனுமதி இருந்தால் செய்துவிடும்.

ஒரு கோப்புக்குள் எதை எந்த வரிசையில், எந்த முறையில் எழுதி வைப்பது என்ற ஒப்பந்தத்துக்குப் பெயர் கோப்பு வடிவம். வேர்டு ஒரு வடிவம், பிடிஎஃப் ஒரு வடிவம். எந்த வடிவமானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தச் சீட்டில் கட்டளை எழுத இடம் உண்டா? இடம் இருந்தால் வசதி கூடும். தானே கூட்டிக் கணக்குப் போடும் படிவம், பட்டனை அழுத்தினால் நிரம்பும் கடிதம் எல்லாம் அப்படி வந்தவைதான். வெளியாள் நுழைவதற்கான வழியும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: திரையில் காகிதம் போலத் தெரிவது உண்மையில் வேறு யாரோ எழுதி அனுப்பிய சீட்டு. அதைப் படித்து நடப்பது உங்கள் கணினி.

## வேர்டும் அதன் மஞ்சள் பட்டையும்

வேர்டு, எக்செல் கோப்புகளுக்குள் சின்னச் சின்ன நிரல்களை எழுதி வைக்கலாம். இவற்றுக்கு மேக்ரோ என்று பெயர். நூறு பேருக்குச் சம்பளச் சீட்டு தயாரிக்கும் கணக்கர் ஒரு மேக்ரோவில் அரை நாள் வேலையை மிச்சப்படுத்துகிறார். அவரிடம் போய் "மேக்ரோ ஆபத்து, தூக்கிவிடுவோம்" என்று சொல்ல முடியாது.

1999 மார்ச் 26 அன்று மெலிசா என்ற மேக்ரோ வைரஸ் வெளியே வந்தது. வேர்டு கோப்பைத் திறந்தால் போதும், உள்ளே இருந்த மேக்ரோ அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் முகவரிப் புத்தகத்தில் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. அந்த 50 பேரில் திறந்தவர்களிடமிருந்து தலைக்கு இன்னும் 50. அஞ்சல் சேவையகங்கள் திணறின. மேக்ரோவுக்குத் தரப்பட்டிருந்த அதிகாரத்தை அப்படியே பயன்படுத்திக்கொண்டதுதான் மெலிசாவின் சூட்சுமம், வேறு மந்திரம் எதுவும் அதில் இல்லை.

அதன் பிறகு வந்ததுதான் கோப்பைத் திறந்ததும் மேலே தெரியும் அந்த மஞ்சள் பட்டை. "இதை இயக்கட்டுமா?" என்று நம்மிடம் கேட்கும். கேட்பது நல்லதுதான். ஆனால் தினமும் இருபது கோப்பு திறப்பவர் இருபது முறையும் யோசிப்பாரா? திருடர்களும் இதைத் தெரிந்துகொண்டு, "இந்த ஆவணத்தைப் பார்க்க மேலே உள்ள பட்டனை அழுத்தவும்" என்று கோப்புக்குள்ளேயே படம் போட்டு அனுப்பினார்கள். பல ஆண்டுகள் இது ஓடியது. இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் மேக்ரோவை இயல்பாகவே தடுத்துவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2022 பிப்ரவரியில் அறிவித்தது. மெலிசா வந்து 23 ஆண்டு கழித்து! தாமதத்துக்கு அலட்சியம் மட்டும் காரணம் இல்லை, அந்தக் கணக்கரைப் போன்ற எத்தனையோ பேரின் அன்றாட வேலை அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றை நீங்களே செய்து பார்க்கலாம். பெயர் டாக்எக்ஸ் என்று முடியும் வேர்டு கோப்பு ஒன்றை நகலெடுத்து, கடைசியில் இருக்கும் அந்த டாக்எக்ஸ் என்பதை ஜிப் (பல கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டும் வடிவம்) என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே சில கோப்புறைகள் இருக்கும். ஒன்றில் நீங்கள் எழுதிய உரை, ஒன்றில் படங்கள், ஒன்றில் யார் எழுதியது, எப்போது சேமித்தது என்ற விவரம். 2007 ஆபீஸ் பதிப்போடு வந்த இந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல முடிவும் எடுத்தார்கள். டாக்எக்ஸ் கோப்பில் மேக்ரோ இருக்கக் கூடாது, மேக்ரோ வைத்தால் கோப்பின் பெயர் டாக்எம் என்று முடிய வேண்டும். பழைய டாக் வடிவத்தில் இந்தப் பிரிவினை கிடையாது. அதனால்தான் பழைய டாக் கோப்பு வந்தால் நான் இன்னும் ஒரு நிமிடம் யோசிக்கிறேன்.

டாக்எக்ஸ் என்றால் முழுக்க நிம்மதி என்றும் சொல்லிவிட முடியாது. வெளியே ஒரு முகவரியைக் காட்டி "மீதியை அங்கிருந்து எடுத்துக்கொள்" என்று சொல்ல அதில் இடம் உண்டு. 2022 மே மாதம் வெளியான ஃபொல்லினா என்ற ஓட்டை மேக்ரோவே இல்லாமல் இந்த வழியாகத்தான் நுழைந்தது.

## கட்டளை இல்லாத இடத்திலும் ஓட்டை எப்படி?

"மேக்ரோவை நிறுத்திட்டா தீர்ந்ததா?" என்று கேட்கலாம். தீராது. காரணம் புரிய வங்கிச் செலானுக்குப் போவோம்.

செலானில் பெயருக்கு வரிசையாகக் கட்டங்கள் இருக்கும், 20 கட்டம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலேயே தொகைக்கான கட்டங்கள். ஒருவர் 25 எழுத்தில் பெயர் சொல்கிறார். கவனமான எழுத்தர் 20 எழுத்தோடு நிறுத்துவார். கவனமில்லாதவர் எழுதிக்கொண்டே போவார், கடைசி ஐந்து எழுத்து தொகைக் கட்டத்தில் விழும். அந்த ஐந்தும் எண்களாக இருந்தால்? பெயர் சொன்னவர் தொகையையே மாற்றிவிட்டார்.

கோப்பைப் பிரித்துப் படிக்கும் நிரலுக்குப் பார்சர் என்று பெயர். நம் எழுத்தர் அதுதான். எழுத்து, படம், எழுத்துரு, சமன்பாடு என்று கோப்பில் சேரும் ஒவ்வொரு வசதிக்கும் ஒரு பார்சர் வேண்டும். ஒருவர் அசந்தாலும் செலானில் நடந்தது கணினியின் நினைவகத்தில் நடக்கும்.

வேர்டில் கணிதச் சமன்பாடு எழுத ஒரு பழைய கருவி இருந்தது. அதன் நிரல் 2000ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்டது. புதிய கருவி வந்த பிறகும், பழைய கோப்புகள் திறக்க வேண்டுமே என்று அதையும் கூடவே வைத்திருந்தார்கள். எழுத்துருவின் பெயர் கட்டத்துக்குள் அடங்காத அளவு நீளமாக வந்தால் அது பக்கத்துக் கட்டத்தில் எழுதிவிடும் என்று 2017இல் தெரியவந்தது. அச்சு அசல் நம் செலான் கதை. 17 ஆண்டு யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஓட்டை அது. 2017 நவம்பரில் ஒட்டுப்போட்டார்கள், 2018 ஜனவரியில் கருவியையே நீக்கிவிட்டார்கள். பழைய கோப்பும் திறக்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. என் தாத்தா காலத்துக் கோப்பை என்னால் திறக்க முடிய வேண்டும் என்றுதான் நானும் விரும்புவேன். அந்த ஆசைக்கான விலை இது.

சுருங்கச் சொன்னால், ஆபத்து இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, அனுமதிக்கப்பட்ட கட்டளை. மற்றொன்று, படிப்பவரின் தவறு. வசதி கூடக்கூட இரண்டுமே கூடும்.

## பிடிஎஃப் கடந்து வந்த வழி

பிடிஎஃப்பின் மூதாதை போஸ்ட்ஸ்கிரிப்ட். அடோபி நிறுவனம் 1984இல் கொண்டுவந்தது. அச்சுப்பொறிக்குப் பக்கத்தை விவரிக்கும் மொழி அது, அதுவே முழுமையான நிரல் மொழியும்கூட. "இதை ஆயிரம் முறை செய்", "இப்படியானால் அதைச் செய்" என்றெல்லாம் அதில் எழுதலாம். அழகு நிறைய, ஆனால் பத்தாம் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிய முதல் ஒன்பது பக்கத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

1993இல் வந்த பிடிஎஃப் அந்தச் சக்தியைப் பிடுங்கிப்போட்டது. திரும்பத் திரும்பச் செய்வதும் இல்லை, நிபந்தனையும் இல்லை. "இந்த எழுத்தை இங்கே வை, அந்தக் கோட்டை அங்கே போடு" என்று மட்டும் பக்கத்தை விவரிக்கும். எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே மாதிரி தெரிந்தது. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் எடுக்கப்பட்ட மிக நல்ல முடிவுகளில் அது ஒன்று. "பிடிஎஃப் பத்திரமானது" என்ற நம்பிக்கையின் வேரும் அங்கேதான்.

ஆனால் ஆசை விடவில்லை. நிரப்பும் படிவம் வேண்டும், படிவத்தில் கூட்டல் கழித்தல் வேண்டும், அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும், கோப்புக்குள் இன்னொரு கோப்பு வேண்டும் என்று கதவு வழியாக வெளியே போனவை எல்லாம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தன. 2008இல் பிடிஎஃப் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டபோது அந்த வடிவம் ஏற்கெனவே கனத்துப்போயிருந்தது. 2010 கடைசியில் வெளியான அடோபி ரீடர் என்ற பிடிஎஃப் படிப்பானில் சாண்ட்பாக்ஸ் சேர்த்தார்கள். அதை நம் வீட்டுத் திண்ணை என்று புரிந்துகொள்ளலாம். முகம் தெரியாதவர் வந்தால் திண்ணையில் உட்காரவைத்துப் பேசுவோம், அடுக்களைக்குள் விடமாட்டோம். கோப்பில் கோளாறு இருந்தாலும் அது திண்ணையைத் தாண்டக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

இந்தக் கதையின் உச்சம் 2021. இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தின் உளவுக் கருவி ஐஃபோன்களுக்குள் நுழைந்த வழியை டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் என்ற ஆய்வுக்குழு கண்டுபிடித்தது. ஜிஃப் படம் என்ற பெயரில் வந்தது ஒரு பிடிஎஃப். அதற்குள் ஜேபிக்2 என்ற முறையில் சுருக்கப்பட்ட படம். ஸ்கேன் செய்த பக்கங்களைச் சின்னதாக்கத் தொலைநகல் காலத்து மனிதர்கள் யோசித்த முறை அது. அந்தச் சுருக்கத்தை விரிக்கும் பார்சரின் ஓட்டைக்குள் புகுந்து, 70,000க்கும் மேற்பட்ட சிறுசிறு கட்டளைகளை அடுக்கி, படத்துக்குள்ளேயே ஒரு குட்டிக் கணினியைக் கட்டியிருந்தார்கள். ஃபோன் வைத்திருந்தவர் எதையும் தொடக்கூட இல்லை. செய்தி வந்து சேர்ந்ததே போதுமானதாக இருந்தது. ஆப்பிள் செப்டம்பரில் ஓட்டையை அடைத்தது. நிபந்தனையும் சுழற்சியும் வேண்டாம் என்று 1993இல் வெளியே அனுப்பிய வடிவத்துக்குள், 28 ஆண்டு கழித்து ஒரு கணினியே உட்கார்ந்திருந்தது!

பிடிஎஃப்பை மறுபடி ஒல்லியாக்கும் முயற்சியும் உண்டு. பிடிஎஃப்-ஏ என்பது ஆவணக் காப்பகங்களுக்காக 2005இல் வந்த தரம். ஜாவாஸ்கிரிப்ட் கூடாது, ஒலி ஒளி கூடாது, கடவுச்சொல் பூட்டு கூடாது, தேவையான எழுத்துரு எல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். ஐம்பது ஆண்டு கழித்தும் திறக்க வேண்டியதைச் சேமிப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

## கறுப்புப் பட்டைக்குக் கீழே என்ன இருக்கிறது?

2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்ப்பின் தேர்தல் பிரசாரத்துக்குத் தலைமை தாங்கிய பால் மேனஃபோர்ட்டின் வழக்கில் அவருடைய வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் ஒரு பிடிஎஃப் தாக்கல் செய்தார்கள். ரகசியமான வரிகள் மேல் கறுப்புப் பட்டை. செய்தியாளர்கள் அந்தப் பட்டையைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வேறோர் இடத்தில் ஒட்டிப் பார்த்தார்கள். எழுத்து முழுசாக வந்துவிட்டது.

பிடிஎஃப் எப்படி எழுதப்படுகிறது என்று பார்த்தோமே, அதிலேயே காரணம் இருக்கிறது. "இந்த இடத்தில் இந்தச் சொற்களை வை" என்பது ஒரு வரி. "அதே இடத்தில் கறுப்புச் செவ்வகம் வரை" என்பது அடுத்த வரி. இரண்டாவது வரியைச் சேர்த்ததால் முதல் வரி அழியாது. காகிதத்தில் மை கொட்டினால் எழுத்து போய்விடும், இங்கே எழுத்தின் மேல் கறுப்புக் காகிதத்தை வைத்ததுபோல்தான்.

வேர்டுக்கும் இதே கதை உண்டு. 2003 பிப்ரவரியில் ஈராக் பற்றி பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட ஆவணம் வேர்டு கோப்பாகவே இணையத்தில் ஏறியது. கோப்பைப் பற்றிய குறிப்புகளுக்கு மெட்டாடேட்டா என்று பெயர். கடைசிப் பத்துத் திருத்தங்களைச் சேமித்தவர்களின் பெயர்கள் அந்தக் குறிப்புகளில் அப்படியே இருந்தன. எழுதியவர்கள் யார் என்பது அரசு சொல்லாமலே தெரிந்துபோனது.

நம் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண்ணை மறைத்து அனுப்பும்போது இதை நினைவில் வையுங்கள். எழுத்தையே நீக்கும் வசதி உள்ள மென்பொருளில் நீக்க வேண்டும். அது இல்லையென்றால் மறைத்த பக்கத்தை அச்சிட்டு ஸ்கேன் செய்து அனுப்பலாம். பக்கம் படமாகிவிட்டால் கீழே ஒளிந்திருக்க எதுவும் இல்லை. ஆனால் படத்தில் சொல் தேட முடியாது, பார்வையற்றவரின் திரைபடிப்பான் அதைப் படிக்காது. டேஞ்சர்ஸோன் என்ற கருவி இந்த யோசனையைத்தான் முறைப்படி செய்கிறது. சந்தேகமான கோப்பைத் தனி அறையில் திறந்து, பக்கங்களை வெறும் புள்ளிகளாக்கி, அந்தப் புள்ளிகளிலிருந்து புதுப் பிடிஎஃப் கட்டித்தருகிறது. முகம் தெரியாதவர்களிடமிருந்து ஆவணம் வாங்கும் பத்திரிகையாளர்களுக்கு அது வரம். பயன் குறைந்தாலும் பாதுகாப்பு வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் அவர்கள்.

## வெறும் எழுத்தாக இருந்தால் பத்திரமா?

லாடெக்ஸ் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் சிலர், "எங்க கோப்பு வெறும் எழுத்து. நோட்பேடிலேயே திறந்து பார்க்கலாம். அதுல என்ன வந்துரும்?" என்பார்கள். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டொனால்ட் நூத், தன் நூலின் மறுபதிப்பு அச்சுப்படியைப் பார்த்து மனம் ஒப்பாமல் 1977இல் தொடங்கியது டெக்ஸ். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டியது லாடெக்ஸ். கணிதம் அச்சிட இன்றும் அதற்கு ஈடு இல்லை.

ஆனால் டெக்ஸ் ஒரு நிரல் மொழி. கோப்பை அச்சுக்குக் கோப்பது என்றால் நிரலை ஓட்டுவது. வேறொரு கோப்பைப் படிக்கலாம், எழுதலாம், அனுமதித்தால் கணினியின் மற்ற நிரல்களையும் ஓட்டலாம். படம் வரையும் வெளிக்கருவிகளை அழைக்க அது உதவும். இன்றைய டெக்ஸ் தொகுப்புகளில் கடிவாளம் இருக்கிறது: வேலை நடக்கும் கோப்புறைக்கு வெளியே எழுதக் கூடாது, பட்டியலில் உள்ள சில நிரல்களை மட்டுமே அழைக்கலாம். லுவாடெக்ஸ் என்ற அதன் வடிவில் அந்தக் கடிவாளத்தையும் மீறும் ஓட்டை 2023இல் கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டது. யாரோ கொடுத்த லாடெக்ஸ் வார்ப்புருவை ஓட்டுவதும், யாரோ கொடுத்த நிரலை ஓட்டுவதும் ஒன்றுதான்.

மெட்டாடேட்டா கதை இங்கும் உண்டு. லாடெக்ஸில் விழுக்காட்டுக் குறிக்குப் பின்னால் எழுதுவது அச்சில் வராது. ஆய்வாளர்கள் அங்கே தங்களுக்குள் குறிப்பு எழுதிக்கொள்வார்கள். ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடும் ஆர்க்கைவ் தளம் மூலக் கோப்பையே வாங்கி யாரும் இறக்கிக்கொள்ள வைக்கிறது என்பதை மறந்துவிட்டால், அந்தப் பேச்சு ஊருக்கே தெரியும்.

வெளிப்படையான எழுத்து என்பதில் ஒரு பெரிய நன்மை இருப்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எந்த மென்பொருளின் தயவும் வேண்டாம். நேற்றைய பிரதிக்கும் இன்றைய பிரதிக்கும் என்ன வித்தியாசம் என்று வரி வரியாக ஒப்பிடலாம். விலை என்னவென்றால், கற்றுக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும், ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் ஒரு பக்கத்துக்குப் பிழைச் செய்தி வரும். எழுபது வயது எழுத்தாளரிடம் லாடெக்ஸில் அனுப்பச் சொல்ல எனக்கு மனம் வராது.

## தமிழுக்கு வந்த தனிச் சங்கடம்

யூனிகோடு என்பது உலகின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிரந்தர எண் தரும் ஏற்பாடு. அது பரவும் முன் நாம் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தினோம். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று திரையில் தெரியும். கோப்பில் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் அம்மா காணாமல் போவாள். அதனால்தான் எழுத்துருவைக் கூடவே சுமந்துசெல்லும் பிடிஎஃப் நமக்கு உயிர்காப்பாக வந்தது. தமிழ்ப் பதிப்பு வேலையில் பிடிஎஃப் மேல் இவ்வளவு பிடிப்பு இருப்பதற்கு இது முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

ஆனால் பார்வைக்கு எழுத்தாக இருப்பதும், கணினிக்கு எழுத்தாக இருப்பதும் வேறு. பிடிஎஃப் சேமிப்பது எழுத்தின் உருவத்தை. இந்த உருவம் எந்த யூனிகோடு எழுத்து என்று சொல்லும் அட்டவணை கூடவே இருந்தால்தான் தேடலாம், நகலெடுக்கலாம். அட்டவணை இருந்தாலும் தமிழில் வரிசைச் சிக்கல் உண்டு. யூனிகோடில் 'கொ' என்றால் முதலில் க, பிறகு ஒகரக் குறி. பக்கத்தில் வரையும்போதோ முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். பல பிடிஎஃப்களிலிருந்து 'கொடு' என்பதை நகலெடுத்தால் 'ெகாடு' என்று வருவது இதனால்தான். நம் நூல்களும் அரசாணைகளும் அழகாகத் தெரிந்துகொண்டே தேடலுக்கு அகப்படாமல் கிடக்கின்றன. இது எனக்கு உண்மையிலேயே வேதனை தரும் விஷயம்.

ஆகவே என் மேசையில் இப்போது நடப்பது இதுதான். எழுத்தாளரிடமிருந்து யூனிகோடில் அடித்த டாக்எக்ஸ் வாங்குகிறேன், ஏனென்றால் திருத்த வேண்டும். பழைய டாக் வந்தால், "ஐயா, இதையே டாக்எக்ஸா சேமிச்சு அனுப்ப முடியுமா?" என்று கேட்கிறேன். மெய்ப்புக்கும் அச்சகத்துக்கும் பிடிஎஃப் போகிறது, ஏனென்றால் ஒரு வரி நகரக் கூடாது. விண்டோஸில் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதி மறைந்திருக்கும், அதைத் தெரியும்படி மாற்றி வைத்திருக்கிறேன். 'அழைப்பிதழ் பிடிஎஃப்' என்று பெயர் வைத்து இஎக்ஸ்இ என்று முடியும் கோப்பு, அதாவது ஆவணம் போல வேடமிட்ட நிரல், அப்போதுதான் கண்ணில் படும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு வந்தால் அது பத்திரிகையே இல்லை, ஃபோனில் நிறுவப்படும் செயலி.

பிடிஎஃப் ஆக்கியதும் கடைசியாக ஒரு சோதனை செய்கிறேன். கொம்பு உள்ள ஒரு சொல்லை, 'கொக்கு' என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்ப்பேன். கொக்கு கொக்காகவே வந்தால் கோப்பை அனுப்புவேன். 'ெகாக்கு' என்று வந்தால் மென்பொருளை மாற்றி மறுபடி ஏற்றுமதி செய்வேன்.